வெளிச்சம் மங்கினால், விட்டு விட்டு எரிந்தால்: எல்.இ.டி. டோர்ச்சுக்குப் பற்றரி பார்த்துப் போடும் முறை

வாடை தொடங்கி மழை இறுக்கிப் பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் திருகோணமலையில் அநேகமான வீடுகளுக்கு டோர்ச் ஞாபகம் வரும். கரண்ட் போகும். லாச்சியைத் திறந்து எடுத்தால் ஒன்றில் எரியாது, இல்லாவிட்டால் நாலு நிமிடம் எரிந்துவிட்டுத் துடிக்கத் தொடங்கும். தெருமுனைக் கடையில் புதுப் பற்றரி வாங்கிப் போடுவோம், இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான். டோர்ச் பழுது என்று குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

அப்படிப் போட்ட டோர்ச்சை எடுத்துத் திறந்து பார்த்தால் எல்.இ.டி.யும் நல்லாயிருக்கும், சுற்றும் நல்லாயிருக்கும். குற்றம் அநேகமாக அந்த டோர்ச்சுக்கு ஒத்துவராத பற்றரியில் இருக்கும், அல்லது பற்றரியும் டோர்ச்சும் தொடுகிற இடத்தில் இருக்கும். இரண்டையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மின்னியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண மல்டிமீற்றர் இருந்தால் வேலை சுகம்; இல்லாவிட்டாலும் முக்கால்வாசி செய்யலாம்.

கடைக்குப் போக முன்னம் பின்மூடியைக் கழற்றுங்கள்

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். இங்கே புழங்குகிற டோர்ச்சுகளை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ரிமோட்டுக்குப் போடும் சின்னப் பற்றரி (AAA) மூன்றை ஒரு பிளாஸ்ரிக் கூட்டில் அடுக்கிப் போடுவது. மலிவான டோர்ச்சில் பெரும்பகுதி இதுதான். பற்றரிக்கும் எல்.இ.டி.க்கும் இடையில் கட்டுப்படுத்தும் சுற்று எதுவும் இருக்காது. இருந்தால் ஒரு சிறு தடை இருக்கும். பற்றரி எப்படியோ வெளிச்சமும் அப்படி.

இரண்டாவது, பென்டோர்ச் பற்றரி (AA) ஒன்று அல்லது இரண்டு போடுவது. ஒரு பற்றரியின் 1.5 வோல்ட் எல்.இ.டி.க்குக் காணாது. ஆகவே அதை 3 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும் ஒரு சுற்று தலைப்பகுதிக்குள் இருக்கும். இந்தச் சுற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, 18650 எனப்படும் லித்தியம் அயன் உருளை போடுவது. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம்; அந்த இலக்கத்தின் கணக்கு அதுதான். இப்போது யூ.எஸ்.பி. வயர் குத்திச் சார்ஜ் பண்ணும் உலோக டோர்ச்சுகளுக்குள் பெரும்பாலும் இதைத்தான் காண்பீர்கள்.

நாலாவது, சுவர்ப் பிளக்கில் நேராகக் குத்திச் சார்ஜ் பண்ணுகிற பெரிய பிளாஸ்ரிக் டோர்ச். உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமிலப் பற்றரி. கடைசியில் வருகிறேன்.

1.5 என்று எழுதியிருப்பது ஏன் 1.2ஐ விடக் குறைவாகப் போகிறது

பழைய குமிழ் டோர்ச்சில் பற்றரி இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகி, செம்மையாகி, மெல்ல மெல்லச் சாகும். வெள்ளை எல்.இ.டி. அப்படியில்லை. ஏறத்தாழ 2.7 வோல்ட்டில் மங்கலாக எரியத் தொடங்கி 3.2 வோல்ட் பக்கத்தில் முழு வெளிச்சம் தரும். இடைப்பட்டது அரை வோல்ட்தான். ஆகவே பற்றரியில் ஏற்படும் சின்ன இறக்கம்கூட வெளிச்சத்தில் பெரிதாகத் தெரியும்.

இந்த இறக்கம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பற்றரிக்குள்ளும் ஒரு தடை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அகத்தடை என்று படித்தது இதுதான். மின் எடுக்காமல் அளந்தால் 1.5 வோல்ட் காட்டும் பற்றரி, டோர்ச்சை எரித்தவுடன் அதைவிடக் குறைவாகவே கொடுக்கும். நடுச்சாமத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருவதும், விடிய எல்லா வீட்டிலும் திறந்த பிறகு நூலாக வடிவதும் போலத்தான். கேட்கும் மின்னோட்டம் கூடக்கூட முனையில் கிடைக்கும் வோல்ட் குறையும்.

கணக்காகவே பார்ப்போம். டோர்ச் 1 அம்பியர் கேட்கிறது என்று வையுங்கள். ஓரளவு பாவித்த ஆல்கலைன் பென்டோர்ச் பற்றரி ஒன்றின் அகத்தடை 0.3 ஓம் என்றால் 0.3 வோல்ட் உள்ளேயே கரைந்துவிடும், 1.5இல் மிஞ்சுவது 1.2. சாதாரண சிங்க் கார்பன் பற்றரியின் அகத்தடை இதைவிடக் கூட, 0.6 ஓம் என்று எடுத்தால் மிஞ்சுவது 0.9 வோல்ட்தான். இப்போது சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரிக்கு வாருங்கள். மேலே 1.2 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். புதிதாகச் சார்ஜ் பண்ணியது 1.3 காட்டும், அகத்தடை 0.03 ஓம் அளவு. 1 அம்பியர் எடுத்தாலும் 1.27 வோல்ட் கையில் நிற்கும்.

கடையில் "1.2 தானே, வெளிச்சம் குறைவாக இருக்கும்" என்று சொல்லித் திருப்பி வைப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் தவற விடுகிறார்கள். சுவர்க்கடிகாரத்துக்கு 1.5 வோல்ட் நல்லது. வெளிச்சம் கூடின டோர்ச்சுக்கு 1.2 என்று எழுதியதுதான் நல்லது.

எந்தப் பற்றரி எப்படி நடக்கும்

சிங்க் கார்பன்: தெருமுனைக் கடையில் எப்போதும் கிடைக்கும், மலிவு. கடிகாரம், ரிமோட், சின்ன ரேடியோவுக்குப் போதும். எல்.இ.டி. டோர்ச்சில் போட்டால் முதல் சில நிமிடம் பளீரென்று எரிந்து பிறகு கீழே விழும். நிறுத்தி வைத்தால் கொஞ்சம் தேறி மறுபடி எரியும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் பலர் "டோர்ச்சில் லூஸ் இருக்கு" என்று நினைப்பது. இன்னொன்று, இந்தப் பற்றரியின் வெளிச் சுவரே நாகம், அதாவது சிங்க்; மின் கொடுக்கக் கொடுக்க அந்தச் சுவர்தான் கரைகிறது. முடிந்த பற்றரியை உள்ளேயே விட்டால் ஒழுகும்.

ஆல்கலைன்: கொள்ளளவு கூட, கிடந்தால் பல வருடம் கெடாது. ஆனால் 2000 மில்லிஅம்பியர் மணிக்கு (கொள்ளளவைக் குறிக்கும் mAh) மேல் என்ற கணக்கெல்லாம் மெதுவாக எடுத்தால்தான். 1 அம்பியர் அளவில் பிடுங்கினால் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். எரிய எரிய அகத்தடையும் ஏறும்; வெளிச்சம் முதல் நிமிடத்திலிருந்தே சாய்ந்துகொண்டு போகும். இதுவும் ஒழுகும், அதுவும் நல்ல பெயர் பெற்ற கம்பனிகளினதும் சேர்த்து.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைட்: பென்டோர்ச் பற்றரி போடும் டோர்ச்சுக்கு என் தெரிவு இதுதான், இரண்டாம் யோசனை இல்லை. கடைசி வரை 1.2 வோல்ட்டை விட்டுக்கொடுக்காமல் நின்று, முடியும்போது சட்டென்று முடியும். முன்பு இவற்றுக்கு ஒரு குறை இருந்தது: சார்ஜ் பண்ணி வைத்தாலும் சில மாதத்தில் தானாக இறங்கிவிடும். 2005இல் சான்யோ கம்பனி கொண்டுவந்த எனலூப் வகைக்குப் பிறகு அந்தக் குறை பெரும்பாலும் போய்விட்டது. வாங்கும்போது தானாக இறங்குவது குறைந்த வகை என்று பொதியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாவிக்கத் தயாராகச் சார்ஜ் பண்ணியே விற்பார்கள். 2000 மில்லிஅம்பியர் மணி அளவு போதும். அதைவிடப் பெரிய இலக்கம் போட்டவற்றில் பல, கிடையில் கிடந்தால் வேகமாக இறங்குபவை.

சார்ஜ் பண்ண முடியாத லித்தியம் 1.5 வோல்ட்: விலை கூட. பாரம் குறைவு, அநேகமாக ஒழுகாது, பல வருடம் கிடக்கும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து இறங்கி நம் ஊர் வழியாகக் கதிர்காமம் நடக்கிறவர்கள் கடைசி நாட்களில் குமண, யால காட்டுக்குள் கடையும் இல்லை பிளக்கும் இல்லாமல் போகவேண்டும். அந்தப் பயணப் பைக்கு இது தகும். வீட்டுக்குத் தேவையில்லை.

லித்தியம் அயன் 18650: முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், வெறுமையில் 3 வோல்ட் பக்கம். எல்.இ.டி. கேட்கும் வோல்ட்டுக்கு மேலே இருந்து தொடங்கி அருகில் வந்து முடிவதால், ஒரு சின்னக் கட்டுப்படுத்தி இருந்தாலே போதும்: பெரும்பகுதி நேரம் வெளிச்சம் ஆடாமல் அசையாமல் நிற்கும். தம்பலகாமத்தில், மொறவெவவில் வயற்காவலுக்குப் போய் ஆனை வருகிறதா என்று தூரத்துக்கு அடித்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு தெரிவு இல்லை என்பேன்.

ஆனால் 18650இல்தான் பொய்யும் கூட. 9900, 6800 என்று மேலே அச்சடித்து விற்பார்கள். இந்த அளவு உருளைக்குள் உண்மையாக அடங்குவது பெரும்பாலும் 3500, 3600 மில்லிஅம்பியர் மணி வரைதான். 9900 என்று எழுதியிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அந்த இலக்கமே போலி என்பதற்கு அத்தாட்சி. சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்கு மேலே கீழே இருக்கும். 30 கிராம் என்றால் உள்ளே இருப்பது வேறு என்னவோ. பழைய லப்டொப் பற்றரியைப் பிரித்து, புதுத் தோல் போட்டு விற்பதும் நடக்கிறது. அப்படியான செல்லில் அகத்தடை ஏறியிருக்கும். டோர்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் எரியும், முழுதாகக் கூட்டினால் துடிக்கும்.

அளவு ஒத்தால் மட்டும் போதாது

பென்டோர்ச் பற்றரியின் அதே அளவில் 14500 என்று ஒரு லித்தியம் அயன் செல் உண்டு. உள்ளே அழகாகப் போய் உட்காரும். ஆனால் அது 4.2 வோல்ட். 1.5 வோல்ட்டுக்குச் செய்த டோர்ச்சில் போட்டால் சில செக்கன் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், பிறகு நிரந்தர இருட்டு. டோர்ச்சின் பெட்டியில் 14500 போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். அப்படி எழுதியவற்றிலும் மிகக் குறைந்த வெளிச்சம் காணாமல் போவதுண்டு, அது பழுதல்ல.

இரண்டு மூன்று பற்றரி போடும் டோர்ச்சில் புதிதையும் பழையதையும் கலக்காதீர்கள், வகையையும் கலக்காதீர்கள். மூன்றில் ஒன்று முதலில் வெறுமையானால் மற்ற இரண்டும் அதற்குள்ளாகவே மின்னைத் தள்ளும். அது தலைகீழாகச் சார்ஜாகிச் சூடேறும், ஒழுகும். வெளிச்சமும் அந்த ஒன்றின் மட்டத்துக்கே இறங்கும். கடைக்காரர் "அண்ணை, ரெண்டுதான் இருக்கு, மற்றதுக்கு இதைப் போடுங்கோ" என்று வேறு வகையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது, விட்டு விட்டு எரிகிற டோர்ச்சைக் கையில் எடுங்கள்

எப்படித் துடிக்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம்.

உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது கூடிக் குறைந்தால் அது தொடுகைக் குறை. பற்றரி மாற்றி மினக்கெட வேண்டாம். கீழே சுத்தம் பண்ணும் பகுதிக்குப் போங்கள்.

குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் சீராக எரிகிறது, முழுதாகக் கூட்டினால் மட்டும் துடிக்கிறது என்றால், பற்றரி கேட்ட மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் விழுகிறது. பென்டோர்ச் பற்றரி ஒன்று போடும் டோர்ச்சில் இது மிகத் தெளிவாகத் தெரியும். வோல்ட்டை உயர்த்தும் சுற்றின் தனிக் குணம் என்று சொன்னேனே, அது இதுதான்: வெளிச்சத்தைக் குறைய விடாமல் பிடித்து நிறுத்தப் பார்க்கும். எல்.இ.டி.க்கு 1 வாற் வேண்டும், சுற்றில் கொஞ்சம் வீணாகும், ஆகவே பற்றரியிடம் 1.3 வாற் கேட்கிறது என்போம். பற்றரி 1.2 வோல்ட் தந்தால் 1.1 அம்பியர் அளவு எடுத்தால் போதும். பற்றரி 0.9க்கு இறங்கினால் அதே வெளிச்சத்துக்கு 1.4 அம்பியருக்கு மேல் எடுக்க வேண்டும். கூட எடுத்தால் பற்றரி இன்னும் விழும். விழுந்தால் இன்னும் கூட எடுக்கும். ஒரு கட்டத்தில் சுற்று கைவிட்டு நின்றுவிடும். பாரம் இறங்கியவுடன் பற்றரி தேறும், சுற்று மறுபடி எழும்பும், மறுபடி விழும். கண்ணுக்குத் தெரியும் சீரான துடிப்பு அதுதான். நிக்கல் பற்றரி ஒன்றைப் போட்டால் அந்த நிமிடமே நின்றுவிடும்.

சில செக்கனுக்கு ஒரு தடவை ஒரே மாதிரி இரண்டு மூன்று சிமிட்டல், இடையில் சீரான வெளிச்சம் என்றால் பல டோர்ச்சுகளில் அது பற்றரி முடிகிறது என்ற அறிவிப்பு. லித்தியம் அயன் டோர்ச்சில் அதைப் பார்த்தவுடன் நிறுத்திச் சார்ஜ் பண்ணுங்கள்.

சட்டென்று முழுதாக அணைந்து, கழற்றிப் பூட்டினால் அல்லது கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி எரிகிறதா? செல்லின் அடியில் இருக்கும் பாதுகாப்புச் சுற்று வெட்டியிருக்கிறது. ஒன்றில் செல் வெறுமை, அல்லது அந்தச் சுற்று தாங்கும் அளவைவிடக் கூட டோர்ச் கேட்கிறது. இப்படிப் பாதுகாப்புள்ள செல் 65 மில்லிமீற்றரைவிட மூன்று நாலு மில்லிமீற்றர் நீளம். இறுக்கமான டோர்ச்சில் மூடி முழுதாகப் பூட்டுப்படாமல் அதனாலும் துடிக்கும். எதிர்ப்பக்கமாக, தலை தட்டையான செல்லைப் போட்டால் சில டோர்ச்சுகளில் முனை எட்டாமல் விட்டு விட்டுத் தொடும். மேலே குமிழ் உள்ளதா, தட்டையா என்று பார்த்து வாங்குங்கள்.

முழு வெளிச்சத்தில் சில நிமிடம் எரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது, தலைப்பகுதி கைவைக்க முடியாத சூடு, ஆறியதும் பழையபடி வருகிறது: இது சூட்டுக்குப் பயந்து டோர்ச் தானாகவே இறங்குவது. பற்றரியில் குறையில்லை. நம் வெயில் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கடைசி வகையைக் கண் நேராகப் பிடிக்காது. சுவரில் அடித்தால் சீராகத்தான் இருக்கும். ஆனால் சுழலும் பானில் அல்லது குழாயிலிருந்து விழும் தண்ணீரில் அடித்தால் துண்டு துண்டாகத் தெரியும், நடந்துகொண்டே பாவித்தால் தலையிடிக்கும். குறைந்த வெளிச்சத்தில் வையுங்கள், போன் கமராவைத் திறந்து வெளிச்சத்தைப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், டோர்ச் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு எல்.இ.டி.யை ஒரு செக்கனில் பல நூறு தடவை அணைத்து ஏற்றுகிறது. இது செய்த முறை. எந்தப் பற்றரி போட்டாலும் மாறாது. இரவில் படிக்க, பிள்ளையைப் பார்க்கப் பாவிப்பதென்றால் வாங்கும்போதே கடையில் இந்தக் கமராச் சோதனையைச் செய்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

தொடுகையைச் சுத்தம் பண்ணுவது

கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். உப்புவெளி, சல்லி, டச்சுக் குடாக் கரை வீடுகளில் கதவுப் பிணைச்சலே இரண்டு வருடம் தாக்குப் பிடிப்பதில்லை. டோர்ச்சின் ஸ்பிரிங் மட்டும் எப்படித் தப்பும்? ஆகவே இந்த ஊரில் பற்றரியை மாற்ற முன்னம் தொடுகையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உலோக டோர்ச்சில் மின்னோட்டம் பற்றரியின் அடியிலிருந்து ஸ்பிரிங், சுவிட்ச், மூடி, உடல் என்று போய்த் தலைக்கு வருகிறது. உடலே வயர். மூடியும் உடலும் தொடும் அந்த வெள்ளி நிற விளிம்பு முக்கியம். நிறம் பூசிய பகுதி மின்னைக் கடத்தாது. பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அந்த விளிம்பு, புரி, ஸ்பிரிங்கின் நுனி, பற்றரியின் இரு முனை எல்லாவற்றையும் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். பிடிவாதமான கறைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பர் போதும். அரத்தாள் வேண்டாம். ஸ்பிரிங்கின் மேற்பூச்சு போய்விட்டால் உப்புக்காற்று அடுத்த மாதமே துருவாக்கிவிடும்.

வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பற்றரி ஒழுகியிருக்கிறது. ஆல்கலைன் ஒழுகியது காரம். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கரையும். சிங்க் கார்பன் ஒழுகியது அமிலத்தன்மை. அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீர் தொட்ட துணி, பிறகு ஸ்பிரிட், பிறகு நன்றாகக் காயவிடுவது. வெறுங்கையால் அந்தப் பொடியைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள்.

சுத்தம் பண்ணியும் துடித்தால் சுவிட்சைச் சந்தேகிக்க ஒரு சுகமான சோதனை உண்டு. பற்றரியின் நேர்முனை தலைப்பக்கம் இருக்கும் டோர்ச்சுக்கு மட்டும் இது. பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துண்டு வயரின் ஒரு நுனியைப் பற்றரியின் அடியிலும் மறு நுனியை உடலின் வெள்ளி விளிம்பிலும் ஒரு செக்கன் பிடியுங்கள். மூடி பூட்டியபோது எரிந்ததைவிடப் பளிச்சென்று எரிந்தால் பற்றரியும் தலையும் நல்லம். குற்றம் மூடிக்குள் இருக்கும் சுவிட்சில் அல்லது ஸ்பிரிங்கில். அந்த மூடியை மட்டும் மாற்றலாம்.

வள்ளத்தில் கொண்டுபோன டோர்ச் கடலில் விழுந்து எடுத்தால் அங்கேயே திறந்து பற்றரியைக் கழற்றுங்கள். டோர்ச்சை நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டால் அநேகமாகத் தப்பும். உப்புத் தண்ணீர் தொட்ட லித்தியம் அயன் செல்லை மட்டும் மறுபடி சார்ஜ் பண்ண வேண்டாம். அது முடிந்தது.

மீற்றர் இருந்தால்

டோர்ச்சை முழு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் எரித்து, நிறுத்தி, உடனே பற்றரியைக் கழற்றி அளவுங்கள். பிறகு பத்து நிமிடம் விட்டு மறுபடி அளவுங்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடின பற்றரி களைத்த பற்றரி. மூன்று போடுகிற டோர்ச்சில் மூன்றையும் இப்படி அளந்தால் எது மற்றதை இழுத்து விழுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

புது ஆல்கலைன் 1.6 வோல்ட் வரை காட்டும். 1.2, 1.1க்கு வந்தது பிரகாசமான டோர்ச்சுக்கு உதவாது. ஆனால் குப்பையில் போடாதீர்கள், சுவர்க்கடிகாரத்தில் இன்னும் மாதக்கணக்கில் ஓடும். லித்தியம் அயன் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்திருந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்க்கிற ஆசையை விடுங்கள். மின்னோட்டம் பார்க்கிறேன் என்று மீற்றரை அம்பியரில் வைத்து லித்தியம் அயன் முனைகளில் நேராகக் குத்துவது ஒருபோதும் கூடாது. அது நேர் ஷோர்ட்.

எத்தனை மணித்தியாலம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது

2009இல் அமெரிக்காவில் வந்த எப்.எல்.1 என்ற தரத்தின்படிதான் நல்ல கம்பனிகள் எரியும் நேரத்தை எழுதுகின்றன. அதில் ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும் வரை எண்ணுவார்கள். அதாவது "10 மணித்தியாலம்" என்றால் பத்து மணித்தியாலமும் முழு வெளிச்சம் என்று அர்த்தமில்லை. கட்டுப்படுத்தும் சுற்று இல்லாத டோர்ச்சில் அதில் பெரும்பகுதி மங்கலாக இழுபடும் வால்தான்.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம். 3000 மில்லிஅம்பியர் மணிச் செல், 1 அம்பியர் எடுக்கும் டோர்ச்: மூன்று மணித்தியாலம். அதையே 100 மில்லிஅம்பியர் எடுக்கும் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் முப்பது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் 13 மணித்தியால மின்வெட்டு வரை போனது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்குக் கிட்டக் கரையேறியது. அப்படியான இரவுகளுக்கு வீட்டுக்கு வேண்டியது கூரையைத் துளைக்கும் வெளிச்சமல்ல. குறைந்த வெளிச்சத்தில் வைத்து, முகட்டைப் பார்க்க நிமிர்த்தி விடுங்கள். அறை முழுக்கப் பரவும், வயது போன பற்றரியும் துடிக்காமல் விடிய விடிய நிற்கும்.

சார்ஜும் பத்திரமும்

நிக்கல் பற்றரிக்கு ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்குள்ள சார்ஜர் வாங்குங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றும் சார்ஜர் ஒன்றை நிரப்பி மற்றதைக் கெடுக்கும். பத்து நிமிடத்தில் "நிரம்பியது" என்று பச்சை காட்டினால் பற்றரிக்கு வயது போய்விட்டது. லித்தியம் அயனுக்கு 4.2 வோல்ட்டில் தானாக நிற்கும் சார்ஜர் வேண்டும். கண் பார்வையில், மெத்தையிலிருந்து தள்ளி வைத்து ஏற்றுங்கள். சுற்றியிருக்கும் மெல்லிய தோல் கிழிந்த செல்லை டோர்ச்சுக்குள் போடாதீர்கள், உடல் முழுக்க மின்தானே. தனிச் செல்லைச் சாவி, சில்லறையோடு பொக்கெற்றில் போடவும் வேண்டாம்.

நீண்ட நாள் பாவிக்காமல் வைப்பதென்றால் லித்தியம் அயனைப் பாதிச் சார்ஜில், சூடில்லாத இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் ஆட்டோவின் டாஷ்போட் அதற்குத் தோதான இடமல்ல. ஆல்கலைனைக் கழற்றி டோர்ச்சோடு ஒரு பையில் கட்டி வையுங்கள்.

சுவரில் குத்தும் டோர்ச்

இதன் ஈய அமிலப் பற்றரிக்கு ஒரே எதிரி, வெறுமையாகக் கிடப்பது. மாரிக்குப் பாவித்துவிட்டு அப்படியே அலுமாரியில் வைத்தால் அடுத்த மாரிக்குத் தட்டுகளில் உப்புப் படிந்து, சார்ஜ் ஏற்றிய பத்தாவது நிமிடம் மங்கிவிடும். பாவித்த அன்றே ஏற்றுங்கள், பாவிக்காவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதடவை ஏற்றுங்கள். பிளக்கில் இருக்கும்போது எரித்துப் பார்க்க வேண்டாம். மலிவான பலவற்றில் 230 வோல்ட் ஒரு கொள்ளளவி (கப்பாசிற்றர்) வழியாகவே நேராக உள்ளே போகிறது, இடையில் மின்மாற்றி (ட்ரான்ஸ்போமர்) இல்லை. பிளக்கில் கிடக்கும் டோர்ச்சின் மூடியைக் கழற்றி உள்ளே விரல் விடுவது, சுவரின் துவாரத்துக்குள் விரல் விடுவதற்குச் சமம். பற்றரி செத்துப்போனால் அதே 4 வோல்ட் பற்றரி தனியாகவும் கிடைக்கும். சிவப்பு வயர் சிவப்பு முனைக்கு, பிளக்கிலிருந்து கழற்றிய பிறகு.